எத்தனை லிட்டர் என்று கேட்காதீர்கள்

கரட்டுப்பட்டியில் யாரிடமும் எதையும் கேட்கலாம். மருமகள் ஏன் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனாள், மகனுக்கு ஏன் இன்னும் பெண் அமையவில்லை, கழுத்தில் கிடப்பது பவுனா கவரிங்கா, எல்லாம் கேட்கலாம். கேட்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. ஆனால் ஒன்றை மட்டும் கேட்டுவிடக் கூடாது. உங்கள் மாடு நேரத்துக்கு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று கேட்டுவிட்டால் அந்த வீட்டில் அப்புறம் பச்சைத்தண்ணீர்கூடக் கிடைக்காது. மீறிக் கேட்பவர்களுக்கு ஊர் முழுக்க ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள்: "என்னத்தக் கறக்கு? கன்னுக்குட்டி குடிச்சது போவ ஏதோ காப்பிக்கு ஆவுது." உண்மையைச் சொன்னால் கண் பட்டுவிடும், கண் பட்டால் மடி வற்றிவிடும். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்பது ஊர்க் கட்சி.

இது தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டவர் சைஃபுல்லா. கடையநல்லூர்க்காரர். சவூதியில் பதினொரு வருஷம் பெரிய பால்பண்ணை ஒன்றில் இருந்துவிட்டு, இப்போது ஒரு பால் கம்பெனிக்காக இந்தப் பக்கத்து ஊர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். சவூதியில் ஒவ்வொரு மாட்டின் காதிலும் ஒரு நம்பர் தொங்கும். எந்த மாடு எத்தனை லிட்டர் என்று சுவரில் ஒரு டிவியில் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அதே நினைப்பில் டேப்லெட்டும் கையுமாகக் கரட்டுப்பட்டிக்கு வந்து, வீடு வீடாக ஏறி, கேட்கக் கூடாததைக் கேட்டார். நூற்றுப்பத்துக் கறவை மாடுகள் நிற்கிற ஊரில் அவர் எழுதி முடித்தபோது மொத்தம் நாற்பத்தாறு லிட்டர் வந்தது. மேலிடத்திலிருந்து போன் போட்டு, "அந்த ஊர்ல நிக்கிறது மாடா, ஆடா?" என்று கேட்டார்களாம்.

மெயின் ரோட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே வந்து வேன் திரும்ப வேண்டுமானால் காலைக் கறவை இருநூறு லிட்டராவது இருக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். சைஃபுல்லா கையை விரித்துவிட்டார். அவரை விடாமல் பிடித்துக்கொண்டவள் பொன்செல்வி.

பொன்செல்விக்கு முப்பத்தாறு வயசு. எட்டு வருஷமாகச் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. நாள் முழுக்க நின்றே வேலை. தறிச் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. மிச்சப் பாதியாவது தங்க வேண்டும் என்பது அவள் ஆசை. கரட்டுப்பட்டியில் பால் நிலையம் வந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பன்னிரண்டாவது பாஸ் செய்தவள் அவள் ஒருத்திதான் என்று சைஃபுல்லா முதல் நாளே வாய்தவறிச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை அவள் சேலை முந்தியில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

"பாய், எங்க ஊர்க்காரவுக சொன்னத நம்பாதீய. முன்னூறு லிட்டருக்கு மேலயே இருக்கு. நான் சொல்லுதேன்."

"நீ சொல்லுதே சரி தங்கச்சி. மாடு சொல்லணும்லா?"

"பத்து நாளு மெஷின வச்சுப் பாருங்க. மாடே சொல்லும்."

சைஃபுல்லா நல்ல மனுஷர். எங்கெங்கோ பேசி, பத்து நாள் சோதனைக்கு அனுமதி வாங்கிவிட்டார். பத்தாம் நாள் காலையில் மேனேஜரே நேரில் வருவார். அன்று இருநூறு தாண்டினால் நிலையம் நிற்கும், இல்லாவிட்டால் மெஷினை அதே வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பொன்செல்வி தறி முதலாளியிடம் பத்து நாள் லீவு கேட்டாள். "பதினோராவது நாள் தறி முன்னால நிக்கணும். இல்லைன்னா வேற ஆள் போட்டிருவேன்" என்றார் அவர்.

பழைய ரேஷன் கடைக் கட்டடத்தில் மெஷின் வந்து இறங்கியது. எடையையும் கொழுப்பையும் நொடியில் பார்த்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெருமையாக சைஃபுல்லா காட்டியது அதன் போர்டு. தெருவைப் பார்த்து, முழங்கை நீளத்துக்குச் சிவப்பு எழுத்து. போதாததற்கு ஒரு குரலும் உண்டு.

"பால் ஊத்துறவங்கள யாரும் ஏமாத்தக் கூடாதுன்னு கம்பெனி செஞ்ச ஏற்பாடு. எல்லாருக்கும் தெரியும், எல்லாருக்கும் கேக்கும். ஒளிவுமறைவே கிடையாது" என்றார்.

முதல் நாள் முதல் ஆளாகச் சுந்தரம்மாள் வந்தாள். எதற்கும் துணிந்தவள், வாய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கிப் போகும். தூக்குப்போணியைக் கவிழ்த்தாள். அடுத்த நொடி, சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்து யாரோ ஒரு பெண் பேசி வைத்த குரல் தெருமுனைவரை முழங்கியது:

"சுந்தரம்மாள். ஒன்பது லிட்டர் இருநூறு. கொழுப்பு நான்கு புள்ளி ஆறு. நன்றி."

வரிசையில் நின்ற முப்பது பேரும் சுந்தரம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரம்மாள் வெறும் போணியை முந்தியில் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், பக்கத்துத் தெரு வளைகாப்பு வீட்டில் மிஞ்சிய சோற்றை அரை அண்டா தின்றுவிட்டு, வயிறு உப்பிப் படுத்துக்கொண்டது. மருந்து கொடுக்க வந்த டாக்டர், "சோறு தின்னதாலதாம்மா" என்றார்.

"சோறு தின்னுச்சு சரி. கயிறு ஏன் அறுந்துச்சு?" என்று கேட்டாள் சுந்தரம்மாள். படித்த டாக்டர் அறுந்த கயிற்றை ஒரு தடவை எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் மெஷினுக்கு வந்த பால் மொத்தம் முப்பத்தெட்டு லிட்டர். ஆளுக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் இரண்டு. ஒரு மகராசி முக்கால் லிட்டர் கொண்டுவந்து, குரல் அதைச் சொன்னபோது சுற்றுமுற்றும் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டிக்கொண்டாள். மிச்சப் பால் முழுக்க வழக்கம்போலப் பால்காரர் இசக்கித்துரைக்குப் போனது. இசக்கித்துரை மொபெட்டில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு வந்து, சங்கரன்கோவில் டீக்கடைகளுக்குக் கொண்டுபோவார். அவருடைய லிட்டர் செம்பு தானாக வயிறு புடைத்தது அல்ல, லிட்டருக்கு மேல் பிடிக்கும்படி தட்டிப் புடைக்க வைத்தது என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவரிடம் ஒரு பெரிய குணம் இருந்தது. எத்தனை செம்பு ஊற்றினாலும் எண்ணிக்கையை வாயால் சொல்ல மாட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே அளப்பார்.

பொன்செல்விக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆறாம் நாள் காலையில் ஐம்பது லிட்டர்கூடத் தேறாதபோது அவள் தெருவில் இறங்கிக் கத்திவிட்டாள்.

"ஏ, ஒங்களுக்கெல்லாம் புத்தி இருக்கா? பொடைச்ச செம்புல அவரு அஞ்சுக்கு ஒண்ணு உருவுதாரு. அவருக்கு ஊத்துதீய. நாயமா அளக்குற மெஷினக் கண்டா ஓடுதீய. கண்ணாம் கண்ணு! எந்தக் காலத்துல இருக்கீய?"

"செம்புல போறது பாலு. கண்ணுல போறது மாடு" என்றாள் சுந்தரம்மாள் நிதானமாக. "அது கெடக்கட்டும். நீ பன்னெண்டு படிச்சவல்லா? ஒன் செவல நேரத்துக்கு எத்தன லிட்டரு கறக்குட்டி?"

"ஏதோ காப்பிக்கு ஆவுது" என்றாள் பொன்செல்வி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. தெருவே சிரித்தது. சிரித்ததில் தப்பில்லை, ஏனென்றால் பொன்செல்வியும் தினமும் மெஷினில் இரண்டே லிட்டர்தான் ஊற்றிவந்தாள். மிச்சத்தை அவள் புருஷன் மாரிராஜ் கொல்லைப்பக்கமாக இசக்கித்துரையிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். வெட்கத்தில் அவளுக்குக் காப்பிகூட இறங்கவில்லை. ஆனால் வெட்கப்பட்டதில் ஒரு நன்மையும் நடந்தது. இவர்கள் பயத்தை இவர்களிடமிருந்து பிடுங்க முடியாது, தன்னிடமிருந்தே பிடுங்க முடியவில்லையே, பயத்துக்கு ஏற்றபடி மெஷினைத்தான் மாற்ற வேண்டும் என்று அவளுக்குப் புத்தி வந்தது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசுவதை மாரிராஜ் சொல்லிக் கேட்டிருக்கிறாள். துண்டைக் கைமேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்தே விலையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஏழாம் நாள் மாரிராஜின் தேங்காய்ப்பூத் துண்டு போர்டுமேல் ஏறியது. பால் ஊற்றியவள் துண்டுக்குள் தலையை விட்டுத் தன் நம்பரைப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வெளியே வருவாள்.

போர்டை மூடியாயிற்று, குரலை என்ன செய்வது? அதை நிறுத்தும் வழி மேலிடத்தில்தான் இருக்கிறதாம், சைஃபுல்லாவுக்கே தெரியாது. அதற்குச் சீனியம்மாள் வழி சொன்னாள். ஊரில் யாருக்குக் கண் பட்டாலும் கழிக்க வருபவள் அவள்தான். கோவில் கொடை விழாவில் குலவை போட்டால் அடுத்த ஊருக்குக் கேட்கும். மெஷின் வாயைத் திறந்ததும் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் நாக்கைச் சுழற்றிக் குலவை போட வேண்டியது, நன்றி என்றதும் நிறுத்த வேண்டியது. அவ்வளவுதான்.

அன்று காலை முதல் குலவை கிளம்பியதும் யாருக்கோ சாமி வந்துவிட்டதென்று ஆண்கள் எழுந்து ஓடிவந்தார்கள். டவுன் பஸ் நின்று, கண்டக்டர் இறங்கி என்ன விசேஷம் என்று விசாரித்தார். சைஃபுல்லா வந்து பார்த்து அசந்து போனார்.

"என்ன தங்கச்சி, கொடையா?"

"பால் ஊத்துதாக பாய்."

அவர் துண்டைப் பார்த்தார். குலவையைக் கேட்டார். அப்புறம் மெஷினின் மொத்தக் கணக்கைப் பார்த்தார். நூற்றுப்பத்தொன்பது.

"துண்ட நான் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எட்டாம் நாள் நூற்றைம்பது. ஒன்பதாம் நாள் நூற்றெண்பத்துநான்கு. இசக்கித்துரை ஒரு கேனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். பொன்செல்வி தன் பங்கை மட்டும் கூட்டவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். குலவைக்கு நடுவில்கூட அவளுக்கு வலது காதில் நம்பர் நன்றாகக் கேட்கிறதே, மற்றவர்களுக்குக் கேட்காதா?

ஒன்பதாம் நாள் சாயங்காலம் சைஃபுல்லா போன் செய்தார். நாளை மேனேஜர் வரும்போது துண்டு இருக்கக் கூடாது, இருந்தால் தன் வேலை போய்விடும். பொன்செல்வி யோசித்தாள். விடிந்தபோது மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, நெருக்கமாகக் கட்டிய ஒரு செவ்வந்தி மாலை போர்டுமேல் தொங்கியது. மாலையை எடு என்று எந்த மேனேஜரும் சொல்ல முடியாது.

மேனேஜர் சென்னைக்காரர், பெரிய மீசை, பெரிய குரல். காரிலிருந்து இறங்கியதும் குலவைச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டார்.

"எதுக்கு இது?"

"சந்தோஷம் சார். பால் ஊத்துற சந்தோஷம்" என்றார் சைஃபுல்லா.

மேனேஜருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. எத்தனையோ ஊரில் நிலையம் திறந்திருக்கிறாராம், இப்படி ஒரு ஈடுபாட்டைப் பார்த்ததில்லையாம். ஒவ்வொரு குலவைக்கும் கையெடுத்துக் கும்பிட்டார். கணக்கு ஏறிக்கொண்டே போனது. நூறு, நூற்றுமுப்பது, நூற்றெழுபத்தொன்று. பொன்செல்வி மனசுக்குள் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் இருபத்தொன்பது லிட்டர், வரிசையில் இன்னும் பதினைந்து பேர்.

அந்த நேரம் பார்த்து மேனேஜருக்கு ஆசை வந்தது. ஒரு விரலால் செவ்வந்தி மாலையை ஒதுக்கிப் பார்த்தார்.

"அடேயப்பா! பதினோரு லிட்டரா! யாரும்மா இந்த வள்ளித்தாய்? ஒரே மாட்டுலயா இவ்வளவு பால்? ஊர்லயே பெரிய மாடு உங்களோடதுதான் போல!"

தொண்டையிலேயே குலவை செத்தது. வள்ளித்தாயின் முகம் வெளிறியது. வரிசையில் நின்ற பதினைந்து பேரும் குனிந்து அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

"என்ன, எல்லாரும் போறாங்க?" என்றார் மேனேஜர்.

சீனியம்மாள் மட்டும் போகவில்லை. நேராக மேனேஜர் முன்னால் வந்து, காலடியில் குனிந்தாள். கண் வைத்தவரின் காலடி மண் இல்லாமல் கழித்தால் அது கழிப்பே இல்லை.

"ஐயா, வலது காலக் கொஞ்சம் தூக்குங்க."

"ஐயோ அம்மா! வயசுல பெரியவங்க, என் கால்ல போய்..." மேனேஜர் பதறிக் காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். சீனியம்மாள் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக்கொண்டாள். மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்தார். சைஃபுல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யா ரப்பே" என்றார் மெதுவாக.

எதிர்க் கடையிலிருந்து உப்பும் மிளகாயும் வந்தன. மண்ணோடு சேர்த்து வள்ளித்தாயை மூன்று சுற்றுச் சுற்றி, பக்கத்து டீக்கடை அடுப்பில் போட்டாள் சீனியம்மாள். எல்லாரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மிளகாய் நெடி ஏறி இருமல் வந்தால் கண் படவில்லை என்று அர்த்தம். நெடியே வராவிட்டால் பட்டிருக்கிறது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை.

"பாத்தியளா? ஒரு தும்மல் உண்டா? என்னா கண்ணுங்கீய!" என்றாள் சீனியம்மாள்.

தன் கண்ணைத்தான் புகழ்கிறார்கள் என்று மேனேஜர் கூச்சத்தோடு சிரித்தார்.

"வள்ளித்தாய்க்குக் கழிஞ்சிட்டு. நமக்கு? அந்த மனுஷன் இன்னும் அங்கனதான நிக்காரு" என்றது ஒரு குரல். பாத்திரங்கள் தரையில் இறங்கவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். ஏழேகாலுக்குக் கிளம்பாவிட்டால் அடுத்த ஊர்ப் பால் கெட்டுவிடும். டிரைவரிடம் மெஷினை ஏற்றச் சொல்லலாமா என்று மேனேஜர் சைஃபுல்லாவைக் கேட்பது பொன்செல்வியின் நல்ல காதில் விழுந்தது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். இசக்கித்துரைக்கென்று மாரிராஜ் எடுத்து வைத்திருந்த பாத்திரம் கொல்லையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டாள். தொழுவத்தில் செவலை அசைபோட்டுக்கொண்டு அவளைப் பார்த்தது. "மன்னிச்சுக்க தாயி" என்றாள் அதனிடம். தறியைவிட இது அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது, அதுதான் உண்மை. ஆனாலும் வந்தாள். எல்லாரும் பார்க்க மாலையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"யாரும் குலவ போடாதீய" என்றாள். ஊற்றினாள்.

"பொன்செல்வி. எட்டு லிட்டர் அறுநூறு. கொழுப்பு நான்கு புள்ளி எட்டு. நன்றி."

மேனேஜர் வாயைத் திறந்தார். சைஃபுல்லா அவர் கையைப் பிடித்து, "சார், இப்ப மட்டும் ஒண்ணும் சொல்லாதீய" என்றார்.

"விடிய ஏற்கெனவே ரெண்டு ஊத்துனாள்லா" என்று யாரோ சொன்னார்கள். "ஆக பத்தரைக்கு மேல."

"ஆமா. பத்தரைக்கு மேலதான்" என்றாள் பொன்செல்வி. "எம் மாடு பத்தரைக்கு மேல கறக்கு. பாத்துக்கிடுங்க. நல்லாப் பாத்துக்கிடுங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

வள்ளித்தாயின் பின்னால் நின்ற ஆமினாள்தான் முதலில் பாத்திரத்தை இறக்கினாள். அப்புறம் ஒருத்தி, அப்புறம் இரண்டு பேர். குலவை இல்லாமல், மாலை இல்லாமல், பச்சையாக நம்பர்கள் தெருவில் முழங்கின. ஆறரை, ஏழு, நாலே முக்கால். இருநூறு தாண்டியபோது சைஃபுல்லா மணியைப் பார்த்துவிட்டு, இருநூற்றுமுப்பதில் வேனை அனுப்பினார். நாளையிலிருந்து தினமும் வரும் என்று மேனேஜர் பொன்செல்வியிடம் சொன்னார். நாளைக் காலை அவள் தறி முன்னால் நிற்க வேண்டியதில்லை.

கூட்டம் கலையப்போகும்போது சுந்தரம்மாள் வந்தாள்.

"ஏட்டி, நில்லு. பத்தரைன்னு சொன்னதும் ஊர்ல மொதல்ல வயிறெரிஞ்சது நான்தான். மறைக்க என்ன இருக்கு?"

குனிந்து தன் காலடி மண்ணைத் தானே ஒரு சிட்டிகை எடுத்தாள். மிச்சமிருந்த உப்பையும் மிளகாயையும் அள்ளிக்கொண்டு, பொன்செல்வியை மூன்று தடவை சுற்றினாள். அடுப்பில் போட்டாள்.

நெடி குப்பென்று ஏறியது. பொன்செல்வி இருமினாள், வள்ளித்தாய் இருமினாள், சைஃபுல்லாவும் மேனேஜரும் கண்ணில் நீர் வழிய இருமினார்கள். இருமிக்கொண்டே தெரு முழுக்கச் சிரித்தது.

சுந்தரம்மாள் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு வயிறெரிஞ்சும் என் கண்ணுக்கு ஒரு சக்தியும் இல்லியாக்கும்" என்றாள்.